முப்பதுக்கு நாற்பது மனை: எந்த அனுமதி, எந்த கான்ட்ராக்ட்?

முப்பதுக்கு நாற்பது அடி மனை. சென்னையில் இதை அரை கிரவுண்ட் என்பார்கள், தெற்கே போனால் இரண்டே முக்கால் சென்ட். அதில் கீழும் மேலுமாக 1,600 சதுர அடியில் சொந்த வீடு கட்ட வேண்டும். இரண்டு இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அனுமதியைச் சுயசான்று முறையில் (விவரமெல்லாம் சரி என்று உரிமையாளரே உறுதி சொல்லி) எடுப்பதா, வழக்கமான முறையிலா? வேலையைக் கூலி கான்ட்ராக்ட்டில் விடுவதா, பொருளோடு சேர்த்துச் சதுர அடி ரேட்டில் விடுவதா?

பலரும் இரண்டாவதைத்தான் முதலில் பேசுகிறார்கள். மேஸ்திரியைப் பிடித்து, ரேட் பேசி, பூமி பூஜைக்கு நாளும் குறித்துவிட்டுத்தான் பிளான் அப்ரூவலுக்கு ஓடுகிறார்கள். பட்ஜெட் முதலில் உடைவது அங்கேதான். மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது முன்னால் உள்ள சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் மூன்றையும் பொறுத்தது. அதைக் கழித்துப் பார்த்தால் 1,600 என்று நினைத்திருந்தது 1,450 ஆகலாம். வெளியே போட நினைத்த மாடிப்படி உள்ளே வந்து ஒரு அறையைத் தின்னலாம். சதுர அடி எத்தனை என்று தெரியாமல் சதுர அடிக்கு ரேட் பேசி என்ன பயன்? எனவே அனுமதியிலிருந்தே தொடங்குவோம்.

சுயசான்றா, வழக்கமான அனுமதியா

தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அப்போது வகுத்த வரம்பின்படி, மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், குடியிருப்புக்கு மட்டும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, ஒரே கட்டணத்தைக் கட்டி, உடனே அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். அனுமதிக்கு முன் கள ஆய்வு கிடையாது. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. கட்டி முடித்த பின் பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. நம் அரை கிரவுண்ட் வீடு இதற்குள் தாராளமாக அடங்கும்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். திட்டம் வந்தபோது சென்னை மாநகராட்சியில் சதுர அடிக்கு 100 ரூபாயை ஒட்டி இருந்தது. கிராம ஊராட்சிகளில் அதில் கால்வாசியோ அதற்கும் கீழோதான். 1,600 சதுர அடிக்குச் சென்னையில் சுமார் 1,60,000 ரூபாய். "அப்ரூவலுக்கு ஒரு முப்பதாயிரம் ஒதுக்கிக்குவோம்" என்று பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் உள்ளாட்சிக்கு அன்றைய தேதியில் என்ன கட்டணம் என்று அந்த இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

உடனே கிடைக்கிறதே என்பதுதான் இதன் வசதி, சிக்கலும் அதுதான். வழக்கமான முறையில் விண்ணப்பித்தால் உள்ளாட்சியிலோ, சிஎம்டிஏவிலோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபியிலோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒருவர் ஆவணத்தைப் புரட்டிப் பார்ப்பார், இடத்துக்கு வருவார், "பட்டாவில் அளவு குறைகிறதே" என்று கேள்வி எழுப்பித் திருப்புவார். எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கேள்வி செங்கல் வைக்கும் முன் வந்துவிடுகிறது. சுயசான்றில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் தளம் போட்டு முடித்திருப்பீர்கள்.

அதனால் பதிவேற்றும் முன் மூன்று அளவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள்: பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவிலும் புலப்படத்திலும் (சர்வே வரைபடம்) உள்ள அளவு, தரையில் டேப் பிடித்த அளவு. பத்திரம் 1,200 சதுர அடி என்று சொல்லும். பட்டா ஏர் கணக்கில் சொல்லும். ஒரு ஏர் 1,076 சதுர அடி. ஆகவே 1,200 சதுர அடிக்குப் பட்டாவில் 1.11 ஏர் இருக்க வேண்டும். அங்கே 1.00 என்று மட்டும் இருந்தால் 124 சதுர அடி உங்கள் பெயரில் இல்லை என்று அர்த்தம். முப்பதடி அகல மனையில் அது நான்கடிக்கும் மேலான ஒரு துண்டு. பின்பக்கம் விட வேண்டிய இடமே போய்விடும். கூட்டுப் பட்டாவாக இருந்தாலும், விற்றவர் பெயரிலேயே பட்டா கிடந்தாலும் கதை இதுதான். முதலில் உட்பிரிவு, பெயர் மாற்றம், சர்வேயர் வைத்து அளந்து கல் நடுதல். அதற்குச் சில வாரங்கள் போகும், போகட்டும்.

மனையே அங்கீகாரம் இல்லாத லே-அவுட்டில் இருந்தால் எந்த முறையும் கைகொடுக்காது. 2016 அக்டோபர் 20க்கு முன் பத்திரம் பதிவான மனைகளுக்காக 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அப்படி வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று மனை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் இப்போது அதுதான் முதல் வேலை.

வழக்கமான முறை யாருக்கு? அளவிலோ தளத்திலோ பயன்பாட்டிலோ சுயசான்று வரம்பைத் தாண்டுகிறவருக்கு வேறு வழியில்லை. வில்லங்கத்தில் ஏதோ உறுத்துகிறது, பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு இருக்கிறது என்றாலும் அதிகாரி ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட அனுமதி கையில் இருப்பது நல்லது. நாள் கூடும், கட்டணம் தலைப்புத் தலைப்பாகப் பிரிந்து வரும். ஆவணம் சுத்தமாக இருக்கும் நம் வீட்டுக்குச் சுயசான்றே போதும். வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் மட்டும், சுயசான்று அனுமதியோடு கூடுதலாக என்ன கேட்பார்கள் என்பதைக் கிளையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் அனுமதி பெற்ற வரைபடத்தை மீறுவது ஆபத்து. "யாரு வந்து பாக்கப் போறா" என்று பால்கனியை இரண்டடி நீட்டும் மேஸ்திரிக்கு அபராதம் வராது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸும் சீலும் வருவது உரிமையாளருக்கு. மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003இலிருந்தே கட்டாயம். அதை வரைபடத்தில் காட்டிவிட்டு இடத்தில் மறந்துவிடாதீர்கள்.

அனுமதிக் கட்டணம் தவிர, காலிமனை வரி பாக்கி, தற்காலிக மின் இணைப்பு, குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்கான வைப்புத் தொகை, சாலை வெட்டும் கட்டணம், கட்டி முடித்ததும் சொத்து வரி விதிப்பு எல்லாம் சேர்ந்து தனிக் கணக்கு. இதில் எதுவும் எந்த கான்ட்ராக்ட்டிலும் சேராது. தற்காலிக இணைப்பின் யூனிட் விலை வீட்டு விலையைவிட அதிகம் என்பதால், வீடு முடிந்ததும் வீட்டு இணைப்பாக மாற்றும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

சதுர அடி ரேட்டில் என்ன ஒளிந்திருக்கிறது

அனுமதிக்குப் போடும் வரைபடத்தில் கம்பி எத்தனை, பில்லர் அளவு என்ன, அஸ்திவாரம் எத்தனை அடி என்பது விவரமாக இருக்காது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் தனியாக வேண்டும். மண் பரிசோதனையோடு சேர்த்து அதற்கு ஆகும் செலவு, மொத்தச் செலவில் ஒரு சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். அது கையில் இல்லாமல் மூன்று பேரிடம் ரேட் கேட்டால், மூவரும் மூன்று வெவ்வேறு வீடுகளை மனதில் வைத்துச் சொல்வார்கள். குறைந்த ரேட் சொன்னவர் மனதில் இருப்பது குறைந்த வீடு.

பொருளோடு சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். 1,600 சதுர அடிக்கு 38.4 லட்சம். அடுத்த கேள்வி, எதையெல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார்கள்? மொட்டைமாடி ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேல் வரும் சிறு அறை) 90 சதுர அடி, அதற்கு முழு ரேட் என்றால் 2.16 லட்சம். போர்டிகோ 120 சதுர அடி, பாதி ரேட் என்றால் 1.44 லட்சம். இந்த இரண்டு வரியிலேயே தொகை 42 லட்சத்தைத் தொட்டுவிட்டது. சம்ப் (தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், போர்வெல், 140 அடி ஓடும் காம்பவுண்டுச் சுவர், கேட் எல்லாம் இன்னும் வெளியே நிற்கின்றன.

எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை ரேட்டில் அடக்கம்? ஐந்தடி என்று எழுதிவிட்டு, தோண்டியதும் கரிசல் மண்ணோ போட்டு நிரப்பிய மண்ணோ வந்தால், ஆறாவது அடியிலிருந்து "எக்ஸ்ட்ரா" தொடங்கும். கோவை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலில் மண் பரிசோதனை இல்லாமல் ரேட் பேசவே கூடாது. பேஸ்மட்டம் சாலையிலிருந்து எத்தனை அடி, உள்ளே நிரப்பும் மண் யாருடையது? டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலை வரை? நிலை, கதவு என்ன மரம்? கைப்பிடிச் சுவரும் பரணும் சேர்ந்ததா? ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? பதிவுபெற்ற கான்ட்ராக்டர் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டால் 38.4 லட்சத்துக்கு மட்டும் 6.91 லட்சம். கடைசித் தவணையில் இதைக் கேட்டு மயங்கி விழுந்து பயனில்லை.

ரேட்டைவிட முக்கியம் தவணை. ஊரில் பழகிப்போன தவணை ஏறத்தாழ இப்படி இருக்கும்: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மட்டம் 20, லிண்டல் (கதவு, ஜன்னல் தலைமட்டம்) 15, கீழ்த்தளத்துக் கூரைக் கான்கிரீட் போட்டதும் 20, மேல்தளத்துக் கூரை போட்டதும் 20, பூச்சு முடிந்ததும் 10, சாவி கொடுக்கும்போது 5. கூட்டிப் பாருங்கள். மேல்தளம் காயும் முன்பே 85 சதவீதம், அதாவது 32.64 லட்சம் கை மாறிவிடுகிறது. மிச்சம் இருப்பது 5.76 லட்சம். ஆனால் பூச்சு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங், கதவு, ஜன்னல், பெயின்ட் என்று மிச்சமிருக்கும் வேலை, மொத்தச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. 12 லட்சத்துக்கு மேல் ஆகும் வேலையை 5.76 லட்சத்துக்கு முடித்துத் தர வேண்டிய நிலையில் கான்ட்ராக்டர் நிற்கிறார். தளம் போட்டதும் ஆள் குறைவது, போனை எடுக்காதது, அடுத்த சைட்டுக்கு ஓடுவது எல்லாம் இந்தக் கணக்கின் விளைவு. ஆளின் குணம் அப்புறம்தான். இரண்டு தளமும் முடியும்போது 55 முதல் 60 சதவீதத்துக்கு மேல் போகாதபடி தவணையைப் பிரியுங்கள். பூச்சு, குழாய், டைல்ஸ், மரவேலை ஒவ்வொன்றுக்கும் தனித் தவணை. கடைசி 5 சதவீதம் ஒரு வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் வரை உங்களிடமே இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

கூலி கான்ட்ராக்ட்டில் மிச்சம் பிடிப்பது எப்படிக் கரைகிறது

பொருள் எல்லாம் நாம் வாங்கி, மேஸ்திரிக்குச் சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று பேசுவது இரண்டாவது வழி. கான்ட்ராக்டரின் லாபம் நம் கையில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. நிற்கும், ஆனால் முழுதாக நிற்காது.

இந்த வீட்டுக்கு உத்தேசமாகச் சிமெண்ட் 640 மூட்டை, கம்பி 6.4 டன் ஆகும். மூட்டைக்கு 30 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 19,200 ரூபாய். கம்பி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 32,000. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமானது. அது நல்ல செய்திதான், ஆனால் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது அது இல்லை. விலை ஏறுகிறதே என்று கம்பிக்கடை கம்பிக்கடையாக அலைகிறவர்கள் நாள் ஓடுவதைக் கவனிப்பதில்லை. 30 லட்சம் கடன் முழுதும் எடுத்தாகிவிட்ட நிலையில் 8.5 சதவீத வட்டி மாதம் 21,250 ரூபாய். இப்போது இருக்கும் வீட்டு வாடகை 12,000 என்றால், மூன்று மாதத் தாமதம் ஒரு லட்சத்தை விழுங்கிவிடும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? கூலி கான்ட்ராக்ட் என்பது பெரும்பாலும் கொத்து வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பது) மட்டும்தான். எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் ஆள், ஆசாரி, பெயின்டர் எல்லாம் தனித்தனி ஆள். அவர்களை வரிசையாக நிறுத்துவது உங்கள் வேலை. தளம் போடும் முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் வந்து குழாய் பதிக்கவில்லை என்றால், ஒன்று கான்கிரீட் தள்ளிப்போகும், இல்லாவிட்டால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டிவரும். மேல்மாடிக் கழிவறைக்குத் தாழ்த்திப் போட வேண்டிய சங்கன் ஸ்லாபைப் பிளம்பர் சொல்ல மறந்து, சென்ட்ரிங் சமமாக அடித்துவிட்டால், கழிவறைத் தரை அறையைவிட உயர்ந்து நிற்கும். சென்ட்ரிங் பலகையும் அதைத் தாங்கும் முட்டும் யாருடையது, வாடகை யார் தலையில் என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். மேஸ்திரிக்கு அடுத்த சைட்டில் முட்டு வேண்டும் என்பதற்காக இங்கே நாளுக்கு முன்பே பிரிப்பது அடிக்கடி நடக்கும். இந்தியத் தரக்குறியீட்டின்படி நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு (கான்கிரீட் உத்தரம்) 6 மீட்டர் வரை 14 நாள், மேலே போனால் 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்கு. சந்தையில் அதிகம் கிடைக்கும் பிபிசி (சாம்பல் போன்ற பொருள் கலந்த) சிமெண்டுக்கு இன்னும் சில நாள் விடுவதே நல்லது.

பொருள் வாங்குவதிலும் அளக்கத் தெரிய வேண்டும். எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி வந்ததும் டிரைவர் மூன்று யூனிட் என்பார். ஒரு யூனிட் 100 கன அடி. தொட்டியின் உள் நீளம், உள் அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 14 அடி, 7 அடி, 3 அடி என்றால் 294 வரும், சரி. நடுவில் கூம்பாக இருந்து ஓரத்தில் இரண்டரை அடியே இருந்தால் சராசரி உயரத்தைப் போடுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் அளவு குறையும். கம்பியை எண்ணியே எடை போட்டுவிடலாம்: 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 8 மில்லி என்றால் 4.74 கிலோ, 12 மில்லி 10.66 கிலோ, 16 மில்லி 18.96 கிலோ. எடைச்சீட்டு இதைவிடக் கணிசமாகக் கூடினால் காசு போகிறது. கணிசமாகக் குறைந்தால் கம்பியே மெலிது.

நடுவழி

சிமெண்ட்டும் கம்பியும் நாம், மற்றதெல்லாம் அவர் என்று ஒரு கலப்பு முறையும் உண்டு. பிராண்டும் எண்ணிக்கையும் கண்ணுக்குத் தெரியும் இரண்டு பொருளை நாம் வைத்துக்கொள்கிறோம் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கம்பியை நாம் வாங்கினால் வெட்டுத் துண்டு கூடும், அவர் வாங்கினால் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி கூடும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கிலிருந்து கம்பிப் பட்டியல் எடுத்து, 3 முதல் 5 சதவீதம் சேதாரம் சேர்த்து, அதற்கு மேல் ஆனால் அவர் பொறுப்பு என்று எழுதினால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். பட்டியல் இல்லாவிட்டால் இரண்டு முறையின் தொல்லையும் ஒரே வீட்டில் வந்து சேரும்.

பணம் வரும் வேகத்தையும் இங்கே பார்க்க வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, செலவில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 45 லட்சம் எஸ்டிமேட் என்றால் அதிகபட்சம் 36 லட்சம். 9 லட்சம் உங்களுடையது, அதுவும் முதலில் இறங்க வேண்டும். அடுத்தடுத்த தொகை, அந்தந்தக் கட்டம் முடிந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பின்தான் வரும். சதுர அடி கான்ட்ராக்ட்டில் கான்ட்ராக்டர் கேட்கும் தவணையையும் வங்கி விடும் தவணையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பொருத்திவிடலாம். கூலி கான்ட்ராக்ட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி, ஒவ்வொரு லாரிக்கும் ரொக்கம். மூன்று, நான்கு லட்சம் எப்போதும் கையிருப்பு வேண்டும். அந்த இருப்பு இல்லாதவர் கூலி கான்ட்ராக்ட்டில் இறங்கினால், வங்கிப் பணம் வரும் வரை வேலை நிற்கும், ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள்.

தினமும் காலையும் மாலையும் சைட்டில் நிற்க வீட்டில் ஓர் ஆள் இருந்து, கட்டி முடித்த வீடுகளைக் காட்டக்கூடிய மேஸ்திரியும் கிடைத்தால் கூலி கான்ட்ராக்ட் லாபம்தான். வெளியூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்ப்பேன் என்றால் சதுர அடி ரேட்டில் விடுங்கள். கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத பொறியாளர் ஒருவரை நான்கு நாள் மட்டும் வரவழையுங்கள்: அஸ்திவாரக் கம்பி கட்டியதும், இரண்டு தளத்துக்கும் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள், கழிவறை நீர்க்கசிவுத் தடுப்புப் பூசியதும்.

தளத்துக் கம்பியை நீங்களே சரிபார்க்கலாம். வரைபடத்தில் 150 மில்லி இடைவெளி என்றால் பத்தடி நீளத்துக்குள் 21 கம்பி இருக்க வேண்டும். 16தான் எண்ண முடிகிறது என்றால் இடைவெளி 200 ஆகிவிட்டது. கம்பிக்கு அடியில் 20 மில்லி கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா, கம்பி பலகையில் படுத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 800 சதுர அடித் தளம் ஐந்து அங்குல கனத்தில் 333 கன அடி கான்கிரீட். எம்20 தரக் கான்கிரீட் கலவைக்குச் சுமார் 75 மூட்டை, பீமுக்குத் தனி. காலையில் மூட்டையை எண்ணி வைத்துவிட்டு, மாலையில் காலிப் பையை எண்ணுங்கள். கழிவறையில் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் வெளியேறும் வாய்களை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்து அறையின் மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.